மரமில்லா மாளிகை

விடுமுறை வந்தால் எங்குச் செல்வது என்னும் வினா எல்லார் இல்லத்திலும் எழுவதே. இரயில்வேயில் பணிபுரிவோர் இல்லத்தில் அது சற்று உரக்க எழும். ஆண்டுக்குச் சில முறை கட்டணமின்றிப் பயணம் செய்யும் உரிமை எங்களுக்கு உண்டு. அதனால் தொலைவில் உள்ள ஊர்களையே நாடுவோம். காசிக்குச் சென்று வந்தாயிற்று. ஆக்ராவில் தாஜ்மகாலையும் கண்டாயிற்று. ஆனால் நாங்கள் குடியிருக்கும் ஏர்பேட்டிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் மீளக்கூடிய சந்திரகிரி அரண்மனையை, இங்கு வந்து ஏழு ஆண்டுகள் கழியும் வரையில் கண்டோமில்லை. கைக்கு எட்டும் பொருளைக் கண் தேடுவதில்லை போலும்!

எங்கள் சொந்த ஊர் அரக்கோணத்தை அடுத்த ஒரு சிற்றூர். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பு நின்றது. பின்னர் இரயில்வேயில் எழுத்தர் பணி கிடைத்தது. அப்பணியின் பொருட்டே, கூடூர் - இரேணிகுண்டா பாதையில் காளத்திக்கும் இரேணிகுண்டாவுக்கும் இடையே உள்ள ஏர்பேட்டில் குடியமர்ந்தோம். 1977-ஆம் ஆண்டு வரை இப்பக்கத்துப் பாதைகள் தென்னக இரயில்வேயைச் சார்ந்திருந்தன. ஆகவே தமிழ்க் குடும்பங்கள் இங்கு வந்து வாழ்வது புதிதன்று. அக்கம்பக்கத்தாரும் அன்புடையவர்கள். உகாதியன்று அவர்கள் வீட்டுப் பச்சடி எங்கள் வீட்டுக்கு வரும். தைத்திங்கள் முதல் நாளில் எங்கள் பொங்கல் அவர்கள் வீட்டுக்குப் போகும். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. எனினும் ஒரு முள் எங்கள் உள்ளத்தில் தைத்திருந்தது.

எங்களுக்கு இரு மக்கள். மூத்தவள் பத்து வயதுச் சிறுமி. இளையவன் ஆறு வயதுச் சிறுவன். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் இந்தியும் கற்கின்றனர். மூத்தவள் தெலுங்குப் பாட்டை ஒப்பிக்கும்போது தெருவில் போவோரும் நின்று கேட்பர். வீட்டில் எங்களோடு தமிழில்தான் பேசுவார்கள். ஆனால் தமிழில் ஓர் எழுத்தையேனும் எழுதவோ படிக்கவோ அறியார். "இந்த ஆண்டு தொடங்குவோம், அடுத்த விடுமுறையில் தொடங்குவோம்" என்று நாங்கள் தள்ளிக்கொண்டே வந்தோம். அலுவலகத்திலும் அடுக்களையிலும் வேலை மிகுதி என்று எங்களுக்கு நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம்.

சென்ற கோடையில் எங்கள் தாயார் ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். எங்கள் வட்டாரத்தில் பாட்டியை 'ஆயா' என்றழைப்பது வழக்கம். எங்கள் தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் கொத்தனார். தம் தொழிற்குறிப்புகளையும் கூலிக் கணக்கையும் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். அந்நோட்டைத் தாயார் மஞ்சள் துணியில் சுற்றித் தம் பெட்டியில் வைத்திருந்தார். இப்போது அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. நோட்டிலுள்ள சிற்றெழுத்துகள் தெரிவதில்லை. ஒரு நாள் பேத்தியை அழைத்து, "உன் தாத்தா என்ன எழுதியிருக்கிறார் என்று கொஞ்சம் படித்துச் சொல்லம்மா" என்றார். குழந்தை நோட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "ஆயா, இது எனக்கு வராதே" என்றாள்.

தாயார் எங்களை ஒரு சொல்லும் கடியவில்லை. நோட்டை வாங்கி மீண்டும் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டார். அவர் கடிந்திருந்தால் எங்களுக்கு இவ்வளவு வருத்தம் இருந்திராது.

தசரா விடுமுறை வந்தது. மக்களுக்குப் பழம்பெருமையை நேரில் காட்டினால் தமிழ்ப்பற்றுத் தானே பிறக்கும் என்று எண்ணினோம். சந்திரகிரிக்குப் போவது என முடிவாயிற்று. முன்னாளிரவு புத்தகங்களைப் புரட்டி, அரசர் பெயர்களையும் ஆண்டுகளையும் ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொண்டோம். புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டோம். தாயாரையும் உடன் அழைத்துக்கொண்டு காலை வண்டியில் திருப்பதி சேர்ந்தோம். சந்திரகிரிக்கும் இரயில் நிலையம் உண்டு. திருப்பதியிலிருந்து பாகாலை வழியாகக் காட்பாடி செல்லும் பாதையில் அது உள்ளது. நாங்கள் போன வேளைக்கு வண்டி இல்லாமையால் பேருந்தில் சென்றோம். தொலைவு பதினைந்து கிலோமீட்டருக்குள்தான்.

ஊரைக் கடந்து கோட்டை மதிலை அடைந்ததும் பேச்சு நின்றது. பெரும் பெரும் கற்களை அடுக்கிய மதில். அதற்கப்பால் கருங்கற் பாறையாய் எழுந்து நிற்கும் குன்று. குன்றின் உயரம் அறுநூறு அடி என்பர். உள்ளே சிதைந்த கோயில்கள் ஆங்காங்கே கிடக்கின்றன. அவற்றினிடையே, புல்வெளிக்கு அப்பால், இராச மகால் மூன்று தளங்களோடு நிமிர்ந்து நிற்கின்றது. அருகே இராணி மகால் இரண்டு தளங்களோடு உள்ளது. பெயர் இராணி மகாலாயினும், அதன் கீழ்த்தளம் குதிரை இலாயமாக இருந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. இதைக் கேட்டதும் இளையவன், "இராணி குதிரையோடு தூங்கினாளா?" என்று வினவினான். எங்கள் தாளில் அதற்கு விடை இல்லை.

மர நிழலில் அமர்ந்து தாளைப் பிரித்து எங்கள் பாடத்தைத் தொடங்கினோம். இக்கோட்டையை ஏறத்தாழ கி.பி. 1000-இல் யாதவராயர் மரபினர் எழுப்பினர் என்பது வழக்கு. பின்பு விசயநகரத்தார் கைக்கு வந்தது. இங்கிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மர் 1485-இல் விசயநகர அரியணையிலேயே ஏறினார். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தது. தலைநகர் பெனுகொண்டாவுக்கு மாறிற்று. வேங்கடபதிராயர் காலத்தில், 1592-ஐ ஒட்டி, சந்திரகிரிக்கு மாறிற்று. பின்னர் வேலூருக்கும் சென்றது.

இளையவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று நிமிர்ந்து, "அந்த ராஜாவுக்கும் டிரான்ஸ்பரா அப்பா?" என்றான்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் சிரிப்பு அடங்கிய பின் நினைத்துப் பார்த்தால், குழந்தை சொன்னது பொய்யன்று. இரயில்வேக் குழந்தைக்கு இடமாற்றம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டி கட்டுவதும், பழைய பள்ளிக்கு விடைகொடுப்பதும், புதிய ஊரின் தண்ணீரும் அவனுக்குத் தெரியும். பேரரசு ஒன்று மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போன கதையை அவன் ஒரு சொல்லில் உணர்ந்துவிட்டான். எங்கள் தாள் செய்யாததை அவ்வொரு சொல் செய்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தோம்.

அருகில் சென்று மாளிகையைப் பார்த்தோம். வளைவுகளும் அவற்றின்மேல் அமைந்த சுதை வேலையும் முகம்மதியக் கட்டடங்களை நினைவூட்டுகின்றன. உச்சியில் உள்ள சிகரங்களோ நம் கோயில் விமானங்களைப் போன்றவை. இரண்டும் ஒரே கட்டடத்தில் சண்டையின்றி இருக்கின்றன. தாயார் படியருகே நின்று, தம் வலக்கையை விரித்துச் சுவரில் வைத்தார். கண்ணால் காண இயலாததைக் கையால் காண்பவர்போல மெல்லத் தடவிக்கொண்டே நடந்தார்.

"கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்" என்றார். பிறகு உள்ளே சென்று, "மேலே பார்த்துச் சொல்லுங்கள். உத்தரம் தெரிகிறதா? மரக்கட்டை ஏதாவது இருக்கிறதா?" என்று பேரக் குழந்தைகளைக் கேட்டார்.

இருவரும் அண்ணாந்து நோக்கினர். எங்கும் வளைந்த கூரைகளே தென்பட்டன. உத்தரம் ஒன்றும் இல்லை. உண்மையும் அதுவே. இராச மகால் முழுவதும் கல்லாலும் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனது. மரம் சேராமல் கட்டப்பட்டது. அம்பியில் விசயநகர அரசர் வாழ்ந்த மாளிகைகளுக்கு இன்று கல்லாலான அடித்தளங்களே எஞ்சியுள்ளன. அவற்றின் மேல் இருந்த மரவேலைகள் தீயில் அழிந்தன. சந்திரகிரிக்கும் அமைதி வாய்க்கவில்லை. 1646-இல் கோல்கொண்டா படை இதைக் கைப்பற்றியது. 1782-இல் மைசூரார் கைக்குப் போயிற்று. அரசர்கள் போயினர், மாளிகை மட்டும் நிற்கின்றது.

"ஆயா, கட்டை இல்லாமல் எப்படி நிற்கிறது?" என்று மூத்தவள் கேட்டாள்.

தாயாரின் முகத்தில் நெடுநாளாய் நாங்கள் காணாத ஒளி தோன்றியது. படியில் அமர்ந்து சொல்லத் தொடங்கினார். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டு, நீர் விட்டு நீற்ற வேண்டும். சலித்த மணலோடு சேர்த்துச் செக்கில் இட்டு அரைக்க வேண்டும். வட்டமான கல் தொட்டியில் கல்லுருளை ஓட, மாடுகள் அதைச் சுற்றி இழுக்கும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லநீரும் சேர்ப்பதுண்டு. ஒரே நாளில் அரைத்துவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. புளிக்கவிட்டு மறுபடியும் அரைக்க வேண்டும். "உன் தாத்தா சிறுவனாய் இருந்தபோது தம் அப்பனிடம் கற்றது இது. 'ஒரு நாள் முழுக்க அரைக்கிறவனை நம்பாதே. நாள்தோறும் கொஞ்சம் அரைக்கிறவனை நம்பு' என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சிமெண்டு வந்த பிறகு யாரும் அவரைக் கேட்கவில்லை" என்றார்.

காரை உலர்ந்தவுடன் முழு வலிமை அடைவதில்லை. காற்றிலுள்ள கரியமிலவாயுவைச் சிறிது சிறிதாக உட்கொண்டு, ஆண்டுகள் செல்லச் செல்ல அது மீண்டும் கல்லாக இறுகுகின்றது. பள்ளியில் நாங்கள் படித்த இரசாயனப் பாடத்துக்கும் எங்கள் தந்தையாரின் தொழிலுக்கும் தொடர்புண்டு என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கிற்று.

"எவ்வளவு சுண்ணாம்புக்கு எவ்வளவு மணல், ஆயா?" என்று மூத்தவள் விடாமல் கேட்டாள்.

தாயார் சற்றே நினைத்துப் பார்த்தார். "அளவு எனக்கு மறந்துபோயிற்று அம்மா. தாத்தா நோட்டில் எழுதிவைத்திருக்கிறார்" என்றார்.

குழந்தை தலைகுனிந்தாள். தாயார் அதைக் காணவில்லை, நாங்கள் கண்டோம்.

மாளிகையினுள் இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. நடுவே அரசவை மண்டபம் உள்ளது. அங்கிருந்த ஊழியர் ஒருவர் குழந்தைகளைக் கண்டு மகிழ்ந்து, தெலுங்கில் ஒரு கதை சொன்னார். திருமலையில் இறைவனுக்கு நிவேதனம் ஆனதும் மணி ஒலிக்குமாம். அவ்வொலி மலைவழியே மணிக்கு மணி தாவிச் சந்திரகிரியை எட்டுமாம். அதைக் கேட்ட பின்னரே வேங்கடபதிராயர் உணவில் கை வைப்பாராம். தாயாருக்குத் தெலுங்கு தெரியாது. மூத்தவள் ஒவ்வொரு வாக்கியமாக அதைத் தமிழாக்கிக் கூறினாள். தாயார், "அப்படியானால் மணியடிப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் ராஜா பட்டினியா என்று கேள்" என்றார். குழந்தை அதைத் தெலுங்கில் கேட்டாள். ஊழியர் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "இவள் நாக்கு இரண்டு ஊருக்குப் போய் வருகிறதே!" என்று தாயார் பேத்தியின் கன்னத்தைத் தடவினார்.

அதுவரை மகளின் தெலுங்கை நாங்கள் ஓர் இழப்பின் அடையாளமாகவே எண்ணிவந்தோம். அது எவ்வளவு பிழை என்பது அப்போது தெரிந்தது. அவளுக்கு வந்தது ஒரு செல்வம். வராதது, நாங்கள் கொடுக்காதது. பிந்தியதற்காக முந்தியதைப் பழிப்பது நேர்மையன்று.

அங்கே வைத்திருந்த சிற்பங்களைப் பார்த்து வருகையில், மூத்தவள் ஒரு விளக்கப் பலகையில் 'குடிமல்லம்' என்று படித்துத் துள்ளினாள். "நம் குடிமல்லமா?" என்றாள். ஆம், எங்கள் ஏர்பேடு மண்டலத்தைச் சேர்ந்த குடிமல்லமே அது. அங்குள்ள பரசுராமேசுவரர் கோயிலின் சிவலிங்கம், இந்தியாவில் கிடைத்துள்ள மிகப் பழைய இலிங்கங்களுள் ஒன்று. கிறித்துவுக்கு முற்பட்டது என்பது அறிஞர் பலர் கருத்து. அக்கோயிலில் பல்லவர், பாணர், சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன என்றும், அவற்றில் தமிழ் இருக்கிறது என்றும் சொன்னோம்.

"அங்கேகூடத் தமிழா? யார் படிப்பார்கள்?" என்றாள்.

திருமலையின் நிலையையும் சொன்னோம். அங்குள்ள கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் முதலியோர் உழைப்பால் அவை நூல்களாய் வெளிவந்தன. அவற்றுள் பெரும்பகுதி தமிழ். சாளுவ நரசிம்மர் காலத்து அறக்கட்டளைகளும் தமிழிலேயே மிகுதியாய்ப் பொறிக்கப்பட்டன. தமிழகத்துக்கு வெளியிலிருந்து வந்த அரசரும் இங்குள்ள மக்கள் படித்த எழுத்திலேயே எழுதினர். சென்னை நகரின் தொடக்கத்திலும் இச்சந்திரகிரிக்குப் பங்குண்டு. 1639-இல் ஆங்கிலக் கம்பெனியின் பிரான்சிஸ் டே என்பவர், இவ்வரசருக்கு அடங்கிய தாமர்ல நாயக்கரிடமிருந்து கோட்டை கட்ட நிலம் பெற்றார். 1645-இல் ஸ்ரீரங்கராயர் அவ்வுரிமையை உறுதி செய்தார்.

இவற்றையெல்லாம் கூறி, "ஆகவே இது நம்முடையது" என்று முடிக்கவே நாங்கள் வீட்டிலிருந்து கிளம்பினோம். அங்கு நின்றபோது அச்சொல் நாவில் எழவில்லை. எல்லைகள் பலமுறை மாறியுள்ளன. 1911-இல் வட ஆர்க்காட்டையும் கடப்பையையும் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைத்தனர். 1953-இல் அது ஆந்திரத்தைச் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. 2022-இல் சந்திரகிரியும் ஏர்பேடும் புதிய திருப்பதி மாவட்டத்தில் அடங்கின. கோடுகளை வரைவோர் வரைந்துகொண்டே இருப்பர். கல்லில் உள்ள எழுத்து எவருடையது என்று வழக்காடுவதில் பயன் இல்லை. அதைப் படிக்க வல்லவருக்கே அது உரியது. எங்கள் குழந்தை தன் தாத்தாவின் நோட்டையே படிக்க வல்லவள் அல்லள். திருமலைக் கல்வெட்டின் பெருமையை அவளுக்கு எந்த முகத்தோடு சொல்வது?

மதில் அருகே அமர்ந்து கட்டுச்சோறு உண்டோம். இளையவன் தாழ்ந்த கற்களின்மேல் தாவித் தாவித் தானே அரசனும் குதிரையும் ஆனான். மாலையில் திருப்பதி வந்து எங்கள் வண்டியில் ஏறினோம். சன்னலோரம் அமர்ந்த மூத்தவள், கையிலிருந்த நுழைவுச்சீட்டின் பின்புறத்தைத் திருப்பி, எங்கள் பேனாவைக் கேட்டு வாங்கி, ஆயாவிடம் நீட்டினாள்.

"சுண்ணாம்பு என்று எழுது ஆயா" என்றாள்.

தாயார் சீட்டைக் கண்ணருகே பிடித்து, வண்டியின் ஆட்டத்தில் கோணல்மாணலாய், பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். குழந்தை அதன்கீழ் எழுதிப் பார்த்தாள். 'ண்ணா' என்பதில் எத்தனை சுழி என்று இருவருக்கும் வழக்கு வந்தது. இரேணிகுண்டா வந்தது, போயிற்று. ஏர்பேடு வந்தபோது அச்சீட்டில் எழுத இடம் இல்லை.

மறுநாள் இரவே ஒரு முறை ஏற்படுத்தினோம். விளக்கு வைத்த பின் அரை மணி நேரம். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. விடுமுறையாயினும், விருந்தினர் வந்தாராயினும் அந்த அரை மணி தப்பக் கூடாது. அலுவலகத்திலிருந்து களைத்து வந்து 'இன்று வேண்டாம்' என்று நாங்கள் சொன்ன நாள்கள் உண்டு. அந்நாள்களில் தாயார், "சாந்து காய்ந்துவிடும்" என்பார். அவ்வொரு சொல்லுக்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

பொங்கல் முடிந்து தாயார் ஊருக்குத் திரும்பும் நாள் வந்தது. பெட்டி கட்டுகையில் மூத்தவள் மஞ்சள் துணியைப் பிரித்து நோட்டை எடுத்தாள். முதற் பக்கத்தை விரலால் தொட்டு, ஓர் எழுத்தில் நின்று, ஓர் எழுத்தைத் தாண்டி, திரும்பி வந்து படித்தாள். "சுண்ணாம்பு ஒரு பங்கு. மணல்..." அவ்விடத்தில் மை கலைந்திருந்தது. "மணல் எவ்வளவு என்று தெரியவில்லை ஆயா. தண்ணீர் பட்டிருக்கிறது."

"போகட்டும். அடுத்த வரியைப் படி" என்றார் தாயார். அடுத்த வரி கூலிக் கணக்கு. அதற்கடுத்ததும் கூலிக் கணக்கே. யாருக்கு எத்தனை நாள், எவ்வளவு பாக்கி என்பதைக் குழந்தை படித்துக்கொண்டே போனாள். தாயார் ஒவ்வொரு பெயருக்கும் தலையசைத்தார். வண்டிக்கு நேரமாயிற்று என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. முடிவில் அவர் நோட்டைத் துணியில் சுற்றவில்லை. "இது இங்கேயே இருக்கட்டும்" என்று பேத்தியின் கையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்.

பிறமாநிலங்களிலும் பிறநாடுகளிலும் வாழும் அன்பர்களே! உங்கள் ஊருக்கு அருகிலும் ஒரு பழைய மாளிகை இருக்கும். விடுமுறையில் மக்களை அங்கு அழைத்துச் செல்லுங்கள். முதியோர் வீட்டில் இருந்தால் அவர்களையும் தவறாமல் உடன் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் தாளில் எழுதிச் சென்றது பயன்படாமற் போகலாம். அவர்கள் சுவரைத் தடவிச் சொல்வது பயன்படும். திரும்பி வந்த பின் அந்த அரை மணி நேரத்தை மட்டும் மறவாதீர்கள்.